நட்டுக்குப் பதிலாக ஒரு வால்வு

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சுபலட்சுமி நாலரை மணிக்கு எழுந்துவிடுவாள். எழுந்ததும் முதல் வேலை, கணவர் ஹரிஹரசுதனின் வலது கையையும் காலையும் பிடித்து மடக்கி நீட்டிவிடுவது. கைக்கு இருபது முறை, காலுக்கு இருபது முறை. அவர் பாதித் தூக்கத்தில் கிடப்பார். பிறகு ஃபிளாஸ்கில் காபி, ஹாட்பாக்ஸில் இட்லி, இடது கைக்கு எட்டும் இடத்தில் மாத்திரை டப்பா, தண்ணீர், செல்போன். எல்லாம் வைத்துவிட்டு வேனை எடுக்கும்போது ஐந்து மணி ஆகியிருக்கும்.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பிலிருந்து கிளம்பி, கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் வழியாக முதலில் மண்ணச்சநல்லூர். அங்கே வீரம்மாளை ஏற்றிக்கொள்வாள். பிறகு லால்குடி போய் நல்லுசாமியையும் மஜீதாவையும் ஏற்றுவாள். மூன்று பேருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஏழு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும், பதினொன்றுக்கு முடியும். முடிந்து துவண்டுபோய் வருகிறவர்களை மறுபடியும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டு அவள் வீடு திரும்ப இரண்டு மணி ஆகும். மற்ற நாட்களில் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு சமயபுரம், திருவானைக்காவல் என்று சுற்றுவாள்.

இந்த வேனைப் பதினான்கு வருடம் ஓட்டியவர் ஹரிஹரசுதன். ஒரு ஒர்க் ஷாப்பிலும் விட மாட்டார். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் அவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது பக்கவாதம் வந்தது. ஐம்பது வயதுகூட முடியவில்லை. வலது பக்கம் பாதி போயிற்று. பேச்சு போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எதிரில் இருப்பவர் பொறுமை இழக்கும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அதனால் வெளியாட்களிடம் அவர் பேசுவதையே விட்டுவிட்டார்.

சுபலட்சுமிக்கு அப்போது நாற்பத்தைந்து. கார் ஓட்டத் தெரியும். வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் எடுத்து வேனில் உட்கார்ந்தாள்.

போன வருடம் ஒரு நாள், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் தனியாகப் பின் டயரைக் கழற்றப் போய் விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். அன்றைக்குத்தான் அவள் கத்தினாள். "இனிமே அந்த வண்டிய நீங்க தொடக் கூடாது. பக்கத்துலயே போகக் கூடாது. உங்களையும் பாத்து, வண்டியையும் பாத்து, எனக்கு ரெண்டு கைதாங்க இருக்கு." அதற்குப் பிறகு அவர் வேனைத் தொடவில்லை. வாசல் ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் தெருவைப் பார்த்தபடி இருந்தார். ஆயில் மாற்றும் வேலை பைபாஸ் ரோட்டு ஒர்க் ஷாப் ஒன்றுக்குப் போயிற்று.

கடைசியாக அங்கே ஆயில் மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை. மண்ணச்சநல்லூரில் வீரம்மாள் ஏறும்போதே மூச்சு வாங்கியது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. திங்கட்கிழமைகளில் மூவருக்குமே உடம்பில் நீர் கோத்திருக்கும். வீரம்மாளுக்கு இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு டம்ளர் மோர் கூடக் குடிச்சிட்டேன் கண்ணு" என்றாள். "வெயிலுக்கு ஆசையா இருந்துச்சு."

"நர்ஸ் கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் சுபலட்சுமி.

லால்குடியில் மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, வாளாடிக்குச் சற்று முன்னால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு. ஓட்டக் கற்ற நாளில் ஹரிஹரசுதன் சொல்லியிருந்தார்: அது எரிந்தால் யோசிக்காதே, ஓரங்கட்டி நிறுத்து, அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதே. அவள் யோசிக்கவில்லை. வயல் ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினாள்.

இறங்கிப் பார்த்தபோது, வந்த வழி முழுக்க ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு நீண்டிருந்தது. வண்டிக்கடியில் எஞ்சிய ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லுசாமி மெல்ல இறங்கி வந்து, ஊசி போடும் இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். அவரும் டிராக்டர் வைத்திருந்தவர்.

"அடியில நட்டையே காணோம்மா" என்றார். "ஆயில் பூராவும் போயிருச்சு. இனிமே ஒரு அடி நகத்தாதீங்க."

மணி ஆறு இருபது. லால்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு போயிற்று. நல்லுசாமியும் மஜீதாவும் எப்படியாவது தொத்திக்கொள்ளலாம். வீரம்மாளால் பஸ் படி ஏற முடியாது.

"நீங்க ரெண்டு பேரும் அடுத்த பஸ்ல போயிடுங்க" என்றாள் சுபலட்சுமி. "ஏழு மணிக்குப் போயிட்டா உங்களுக்காவது முழுசா நடக்கும்."

மஜீதா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்தாள். "நான் இருக்கேன்கா. அம்மாவ விட்டுட்டு எப்படிப் போறது? அண்ணன் மட்டும் போகட்டும்."

நல்லுசாமியும் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி ரோட்டோரம் நின்று வருகிற ஆட்டோக்களையெல்லாம் கைகாட்டி மறித்தார். எல்லாம் ஆள் நிறைந்து வந்தன. வீரம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். சுபலட்சுமி தன் முந்தானையால் விசிறினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழே கால் மணிக்கு ஒரு காலி ஆட்டோ கிடைத்தது. நால்வரும் நெருக்கி உட்கார்ந்து தில்லை நகர் போய்ச் சேர்ந்தபோது எட்டு பத்து.

அடுத்த பேட்ச் பதினொன்றரைக்கு வந்துவிடும், நேரத்தை நீட்ட முடியாது என்று நர்ஸ் வருத்தத்தோடு சொன்னாள். நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூவருக்கும் இரண்டே முக்கால் மணி நேரம்தான் கிடைத்தது. சுபலட்சுமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டு, கடைசியில் பாலக்கரை நஸ்ருல்லாவைப் பிடித்தாள். அவர் ஹரிஹரசுதனின் சிறு வயது சிநேகிதர். ஜெனரேட்டர் மெக்கானிக். வேனைக் கட்டி இழுத்துவந்து தன் ஷெட்டில் விட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மூவரையும் வாடகைக் காரில் வீடு கொண்டு சேர்த்துவிட்டு அவள் மூலத்தோப்பு வந்தபோது நான்கு மணி.

"வண்டி எங்க?" என்றார் ஹரிஹரசுதன்.

"நட்டு கழண்டு ஆயில் கொட்டிடுச்சு. பாய் ஷெட்டுல கிடக்கு."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வீரம்மாளின் மகன் சிவசங்கரிடமிருந்து போன் வந்தது. அரிசி ஆலையில் வேலை பார்ப்பவன். விடியும் நேரத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, ஆம்புலன்ஸில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அவசரமாக மறுபடி டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆக்சிஜன் வச்சிருக்காங்க. பரவால்லன்னு சொல்றாங்க." பிறகு சொன்னான். "உங்கள நம்பித்தான்கா அனுப்புறேன்."

அவன் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

அன்று பகல் பாலக்கரைக்குப் போனாள். நஸ்ருல்லா வேனின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஆயில் நிற்கும் சேம்பரைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார். ஒரு பெரிய தட்டு போன்ற அந்த இரும்புப் பாத்திரத்தின் அடியில் நட்டு உட்காரும் ஓட்டையை விரலால் காட்டினார்.

"பாரும்மா, உள்ள நட்டப் பிடிக்கிற மரையே இல்ல. மழுங்கிப்போச்சு. காத்து மெஷின் வச்சு முறுக்கு முறுக்குன்னு முறுக்கியிருக்கானுங்க. மரை போனதும் பிளம்பர் சுத்துற வெள்ள டேப்ப நட்டுல சுத்தி அழுத்தி வச்சு அனுப்பிட்டானுங்க. இதோ துணுக்கு ஒட்டிட்டிருக்கு பாரு."

"சொல்லியிருக்கலாமே பாய். மரை போச்சுன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா அவன்தானே சரி பண்ணித் தரணும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேளை, சட்டுனு ஆஃப் பண்ணிட்ட. என்ஜின் தப்பிச்சுது. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. இது ஒரே நாள்ல கழண்டு விழுகிற விஷயம் இல்ல. ஒரு வாரமாச்சும் சொட்டியிருக்கும். வண்டி நிக்கிற எடத்துல தரையில கறை விழுந்திருக்கணுமே. யாரும் பாக்கலயா?"

அவள் இருட்டில் வண்டியை எடுக்கிறவள். திரும்பி வந்தால் கதவைத் திறந்து நேராகச் சமையலறைக்குப் போகிறவள். தரையைப் பார்க்கவில்லை. ஆனால் வாசலில் வண்டி நிற்கும் சிமெண்டுத் தரை, ஜன்னலோரம் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நேரே தெரியும். ஷெட்டில் கிடந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நஸ்ருல்லா அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். பழைய அளவில் இனி மரை நிற்காது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். அந்த மரையும் ஒவ்வொரு முறை நட்டைக் கழற்றி மாட்டும்போது தேயும். அதனால் நட்டே வேண்டாம் என்றார். ஒரு டப்பாவிலிருந்து பித்தளையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். ஒரு முனையில் மரை, மறு முனையில் குழாய் மூக்கு, பக்கத்தில் சின்னதாக ஒரு பிடி.

"வால்வு. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கெல்லாம் இதத்தான் போடுறேன். ஒரு தடவ மாட்டிட்டா கழட்டவே வேணாம். இந்தப் பிடிய அழுத்தித் திருப்புனா ஆயில் இறங்கும். மறுபடி திருப்புனா நின்னுரும். ஸ்பேனரே வேணாம்."

"ரோட்டுல கல்லு கில்லு பட்டுத் தானா திறந்துக்காதா?"

"அழுத்தாம திரும்பாது. மேல இந்த கிளிப்ப வேற போட்டுரணும். இதவிடக் கீழ வண்டியோட குறுக்குச் சட்டம் இருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்குனா அதுதான் வாங்கும், அளந்து பாத்துட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொண்ணு. இத ஹரி ஒத்தக் கையால திருப்பிருவான். இடது கை ஒரு விரல் போதும்."

"அவரு அந்த வண்டிக்கடியில போக வேணாம் பாய்."

"நான் சொல்றத சொல்லிட்டேன், தங்கச்சி" என்றார் அவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேன் இல்லாத வாசல் வெறுமையாக இருந்தது. சிமெண்டுத் தரையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. அதன் ஓரங்களில் சின்னச் சின்னதாகப் பழைய பொட்டுகள்.

"இத நீங்க பாத்தீங்களா?"

ஹரிஹரசுதன் அவளைப் பார்க்காமல், கறையைப் பார்த்தார்.

"பாத்தேன்."

"எப்பலேருந்து?"

"போன... செவ்வாக்கெழம." அவர் உதடு அடுத்த சொல்லைத் தேடியது. "அன்னிக்கே சொல்ல வந்தேன். வண்டின்னு... ஆரம்பிச்சேன். நீ, வண்டியப் பத்திப் பேசாதீங்க... சாப்பிடுங்கன்னுட்ட."

அவளுக்கு அது நினைவில்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது. நாளுக்கு நாலு தடவை அப்படி எதையாவது சொல்கிறாள்.

"மறுநாள் சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு மறுநாள்? ஆறு நாளுங்க."

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாம். சொல்லல. நீயா... வந்து கேப்பேன்னு இருந்தேன்." பிறகு, அவள் எதிர்பார்க்காததைச் சொன்னார். "ஒரு நாள்... நடுரோட்டுல நிக்கட்டும்னு நினைச்சேன். அப்பத்தான்... நான் வேணும்னு தெரியும்னு. அவங்கல்லாம் உள்ள இருப்பாங்கன்னு... நினைக்கல."

சுபலட்சுமி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தாள். வந்தது களைப்புதான். இரண்டு வருடக் களைப்பும் ஒரே நேரத்தில் வந்து முதுகில் ஏறிக்கொண்டதுபோல இருந்தது.

"அந்தம்மா ஆக்சிஜன்ல கிடக்குது" என்றாள். "இன்னிக்கு விடியக்காலைல தூக்கிட்டுப் போயிருக்காங்க."

அவர் முகம் கோணியது. நோய் வந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் அழும் முகம் அது. அவள் எழுந்து போய்ச் சமையலறையில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். தட்டில் சோறு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கை காலைப் பிடித்துவிட்டாள்.

புதன்கிழமை மற்ற இருவரையும் அழைத்துப்போக, தெரிந்த ஒருவரின் காரை ஏற்பாடு செய்திருந்தாள். காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஹரிஹரசுதன் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தான்களை இடது கையாலேயே போட்டிருந்தார், ஓட்டை மாறிப்போயிருந்தது.

"நானும் வரேன்."

"எங்க?"

"அந்தம்மாவ... பாக்கணும்."

டாக்டரிடம் போவதைத் தவிர இரண்டு வருடமாக அவர் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு பலம் வேண்டும். அது அவளிடம் இல்லை. பொத்தான்களைச் சரிசெய்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வீரம்மாளை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருந்தது, ஆனால் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிவசங்கர் நின்றிருந்தான். ஹரிஹரசுதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஆயில் சொட்டுனத... நான் பாத்தேன்மா" என்றார். "முன்னாடியே பாத்தேன். வீட்டுல சொல்லல. எங்க... சண்டையில சொல்லாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதான். அவ... மேல இல்ல."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை. சிவசங்கரின் முகம் மட்டும் இறுகியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீரம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீதான் முன்னாடி வண்டி ஓட்டுனவனா?"

"ஆமாம்மா."

"கையி இப்படியே இருந்துருமா, சரியாவுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா... ஆகும்னு சொல்றாங்க."

"எனக்கு அதுகூடச் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள் வீரம்மாள். கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு சுபலட்சுமியைப் பார்த்தாள். "அதெல்லாம் கெடக்கட்டும். அடுத்த திங்கக்கெழம வண்டி வருமா, வராதா? அத மொதல்ல சொல்லு. இவனுக்கு மில்லுல லீவு தர மாட்டாங்க."

"வரும்மா" என்றாள் சுபலட்சுமி.

"சும்மா வருமுன்னு சொல்லாத. அடியில பாத்துட்டு வா."

வெளியே வந்து ஆட்டோவுக்காக நிற்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஹரிஹரசுதனின் வலது கால் நடுங்கியது. சுபலட்சுமி அவர் கையைத் தன் தோள் மேல் போட்டுக்கொண்டாள். வந்த ஆட்டோவிடம் அவள் மூலத்தோப்பு என்று சொல்லவில்லை.

"பாலக்கரை போங்க" என்றாள்.

நஸ்ருல்லா மரை வெட்டி முடித்து, சேம்பரை டீசல் விட்டு மூன்று முறை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். இரும்புத் தூள் ஒரு துணுக்கு உள்ளே நின்றாலும் என்ஜினைத் தின்றுவிடும். ஹரிஹரசுதனைப் பார்த்ததும் அவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். பிறகு இருவரும் வால்வைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்கள். ஹரிஹரசுதன் மரையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். செம்பு வாஷரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்பேனரால... ரொம்ப முறுக்காத" என்றார்.

"தெரியும்டா. எனக்கே சொல்றியா?" என்று நஸ்ருல்லா சிரித்தார்.

வால்வு ஏறி உட்கார்ந்தது. சேம்பரை மாட்டி, புது ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுக் கீழே வெள்ளைக் காகிதம் விரித்துப் பார்த்தார்கள். காகிதம் காகிதமாகவே இருந்தது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இந்த ஆயிலை ஒரு முறை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றச் சொன்னார் நஸ்ருல்லா. "ஷெட்டுக்குக் கொண்டு வரணும்னு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு சுபலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நல்லுசாமியும் மஜீதாவும் வந்தார்கள். திங்கட்கிழமை வீரம்மாளும் வந்தாள். ஏறும் முன் தன் மகனைக் குனிந்து வண்டிக்கடியில் பார்க்கச் சொன்னாள். சிவசங்கர் பார்த்தான். சுபலட்சுமியிடம் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பார்த்தான். அவளும் அது முடியும் வரை காத்திருந்தாள்.

மூலத்தோப்பில் இருவருக்கும் இடையே சண்டையும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. அவள் நாலரைக்கு எழுந்தாள், கை காலைப் பிடித்துவிட்டாள், கிளம்பினாள். ஆனால் அவள் கதவைச் சாத்தும் முன் ஹரிஹரசுதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்திருந்தார். டார்ச்சை இடது கையில் பிடித்துத் தரையைப் பார்ப்பார். "ஒண்ணுமில்ல" என்பார். அவள் வண்டியை எடுப்பாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் நின்றாக வேண்டியிருந்தது. சில நாள் அது எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே சொன்னார். "கிலோமீட்டர்... ஆயிருக்கும்."

ஆகியிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு குடும்பத்தைச் சமயபுரம் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு. அவள் என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினாள். பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்குப் பக்கத்தில் விரித்தாள். அவரை மெல்ல உட்காரவைத்து, படுக்கவைத்து, தோளைப் பிடித்து உள்ளே நகர்த்தினாள். அந்த வேலையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பிளாஸ்டிக் குழாயையும் காலி கேனையும் அவர் பக்கத்தில் தள்ளினாள்.

"முடியலன்னா சொல்லுங்க. நான் பண்றேன்."

"இரு."

அவர் இடது கையை மேலே நீட்டினார். முதலில் குழாயை வால்வின் மூக்கில் செருகினார். இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை ஏறியது. கிளிப்பைத் தள்ளினார். பிடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினார். குழாய் கறுத்தது. கேனுக்குள் ஆயில் விழும் சத்தம் கேட்டது. ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அவர் கையைக் கீழே இறக்காமல் அப்படியே பிடியின் மேல் வைத்திருந்தார்.

நட்டைப் போல இதில் மடமடவென்று கொட்டாது. நேரம் எடுக்கும். சுபலட்சுமி வேனின் படியில் உட்கார்ந்து கதவில் தலையைச் சாய்த்தாள். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். கண்ணை ஒரு நிமிடம் மூடலாம் என்று நினைத்தாள்.

விழித்தபோது நிழல் எதிர்வீட்டுச் சுவர் வரை போயிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று குனிந்து பார்த்தாள். ஹரிஹரசுதன் அட்டை மேல் அதே இடத்தில் மல்லாந்து கிடந்தார். கேன் நிறைந்து மூடியும் போட்டிருந்தது. வால்வு மூடி, கிளிப் மாட்டியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது.

"எப்ப முடிஞ்சுது?"

"ஆச்சு... ஒரு மணி நேரம்."

"அறிவிருக்கா உங்களுக்கு? கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"ஒரு தடவ... கூப்பிட்டேன். எந்திரிக்கல. அதான்... விட்டுட்டேன்."

அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். இடது முழங்காலை ஊன்றவைத்து, டயரைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். முதல் முறை இருவருமே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது முறை அவர் எழுந்தார். புது ஆயிலை அவள் ஊற்றினாள். அளவுக் கம்பியை அவர் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். கை கழுவி உள்ளே வந்தபோது மணி நாலு இருபது. இனிக் குளித்து, புடவை மாற்றி, சமயபுரத்துக்குக் கிளம்ப வேண்டும். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. வலி எதுவும் இல்லை, உடம்புதான் சொன்னதைக் கேட்கவில்லை.

ஹரிஹரசுதன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜை மேலிருந்த அவள் செல்போனை இடது கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

"ஹலோ... வேன்காரங்க பேசுறோம்... ஆமாங்க, சமயபுரம். இன்னிக்கு... வண்டி வராதுங்க."

எதிர்ப்பக்கம் புரியவில்லை போலும். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வண்டி வராது, ஓட்டுறவங்களுக்கு முடியல, வேற வண்டிக்காரர் போன் நம்பர் தரேன், எழுதிக்குங்க. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சொன்னார். நடுவில் தடுமாறி, மன்னிக்கணுங்க என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். எழுந்து போய்ப் போனை வாங்கிப் பேசிவிட வேண்டும் என்று சுபலட்சுமிக்குக் கை பரபரத்தது. ஆனால் அவள் எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவர் மூன்றாவது முறையாக ஒன்பது, எட்டு, நான்கு என்று நிதானமாகச் சொல்வதைக் கேட்டபடி கண்ணை மூடினாள்.